கறைக்கு அடியில் இருந்த வாக்கியம்

தம்பி, உங்கள் கண்ணுக்குச் சொட்டு விடவில்லையே? நல்லது. அம்மாவுக்குத் துணைக்கு வந்தீர்களா? அவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்தே இருக்கட்டும், எழுப்ப வேண்டாம். என்னையும் மூடிக்கொண்டுதான் இருக்கச் சொன்னார்கள். கண்ணைத்தான் மூடச் சொன்னார்கள். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்களால் எனக்கு ஒரு சின்ன உதவி ஆக வேண்டும். இதோ என் போன். பதினோரு மணிக்கு இதில் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒரே ஒரு இடத்தை விரலால் தட்டி, அங்கே என்ன போட்டிருக்கிறது என்று எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். இந்தச் சொட்டு விட்ட பிறகு ஆள் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதைப் படிக்கிறோம் என்றே தெரியாமல் படிப்பீர்கள். அப்படி எத்தனையோ வருஷம் படித்தவன் நான். அதில் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும்.

என் பெயர் சோலையப்பன். சங்கரன்கோவிலில் டாக்டர் ஆவுடையப்பனிடம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் கதையும் எழுதுவார். நாலைந்து புத்தகம் வந்திருக்கிறது. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, சங்கரன்கோவிலிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் கையெழுத்தைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்த மலையாளத்து நர்ஸ் ஒருத்தி, அது மலையாளம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொன்னாள். களப்பாகுளத்துக்காரர் ஒருத்தர் டாக்டர் கொடுத்த சீட்டுக்கு மருந்தே வாங்காமல், அதைச் சுருட்டித் தாயத்துக்குள் போட்டுக் கையில் கட்டிக்கொண்டார். காய்ச்சல் விட்டுவிட்டது. மறுவாரம் மாட்டுக்கும் ஒன்று கேட்டு வந்து நின்றார். எழுதிக் கொடுத்தோம். மாடு கூடுதலாக ஒரு படி கறந்தது. சிரிக்காதீர்கள், அந்தப் பாலில் காப்பி குடித்தவன் நான்.

அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். எப்படிப் படித்தேன் என்கிறீர்களா? சீட்டு ஜன்னல் வழியாக வரும். சீட்டை ஒரு பார்வை பார்ப்பேன், ஆளை ஒரு பார்வை பார்ப்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குச் சிவப்பு மிக்சர். மூக்கை உறிஞ்சுகிறவனுக்கு மஞ்சள் மாத்திரை. ராத்திரி தூக்கம் வராத முகம் ஒன்று உண்டு, பார்த்தாலே தெரியும். அவர்களுக்கு இனிப்பாக ஒன்று கலந்து கொடுத்து, ‘இது ரொம்பப் பெரிய மருந்து, ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து’ என்று சொல்லி அனுப்புவேன். குறட்டை விட்டுத் தூங்குவார்கள். ஒருத்தரும் சாகவில்லை. செத்தவர்களும் மருந்தால் சாகவில்லை.

டாக்டர் போய் வெகுகாலம் ஆயிற்று. போன ஐப்பசியில், திருநெல்வேலிக் காலேஜ் ஒன்றிலிருந்து எஸ்தர் என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் எழுதிப் பாதியில் விட்ட நாவல் ஒன்று இருக்கிறதாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் எவன் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி வைக்கப் போகிறார்களாம். டாக்டரின் சம்சாரம் கோமதி அம்மாள்தான் சம்மதம் கொடுத்தது. டாக்டரம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். பழைய ஆஸ்பத்திரி அறையிலேயே எஸ்தர் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்தாள். அப்புறம் எழுத்தைப் படிக்கப் பார்த்தாள். ரெண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் எனக்கு ஆள் வந்தது.

நான் போனதும் டாக்டரம்மா கேட்டது, “வாரும் கம்பவுண்டரே. இன்னும் பொய் ஸ்டாக் இருக்கா, தீந்துட்டா?” எண்பதைத் தாண்டியும் அந்தம்மாவுக்கு வாய் குறையவில்லை. என்மேல் ரொம்ப மரியாதை. மரியாதை இருக்கிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

சரி, எஸ்தர் செய்கிற வேலை என்ன என்று சொல்கிறேன். வெறுமனே டைப் அடிக்கிற வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அது இல்லை. டாக்டர் ஒரு சொல்லை எழுதி அடித்திருந்தால், ‘இது அடித்தது’ என்று போட வேண்டும். மேலே செருகியிருந்தால் ‘இது செருகியது’. மங்கியிருந்தால் ‘படிக்கச் சிரமம்’. கிழிந்திருந்தால் ‘இங்கே இத்தனை எழுத்து போயிற்று’. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. திறந்ததை மூட வேண்டும். எங்கேயாவது ஒன்றை மூடாமல் விட்டால் பக்கம் முழுக்கச் சிவந்துவிடும், கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. “எஸ்தரம்மா, இது நம்ம மிக்சர் பாட்டில்தான். திறந்தா மூடணும், மேல லேபிள் ஒட்டணும்” என்றேன். “ஐயா, எங்க புரொஃபசர் ஒரு வாரம் கிளாஸ் எடுத்தும் இவ்வளவு சுருக்கா சொல்லலை” என்றாள். நல்ல பெண். முதல் வாரம் ரொம்ப நல்ல பெண்.

அப்புறம்தான் அந்த மூன்று லேபிள் வந்தது. படிக்கச் சிரமமான இடத்தில் யாராவது ஒரு சொல்லைச் சொன்னால், ‘யார் சொன்னது’ என்று பெயர் போட வேண்டும். அது சரி, பெயர் வரட்டும். கூடவே ‘எவ்வளவு நிச்சயம்’ என்றும் போட வேண்டுமாம். உறுதி, நடுத்தரம், குறைவு. இந்த மூன்றில் ஒன்று. நாலாவது கிடையாது. பட்டியலில் இல்லாததைப் போட்டால் அதற்கும் பக்கம் சிவக்கும்.

“எனக்கு எல்லாத்துக்கும் உறுதின்னு போட்டுரு” என்றேன்.

“பாக்கலாம் ஐயா” என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

நாவல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. சின்ன ஊர் ஸ்டேஷன், நாளைக்கு ரெண்டே ரயில். அவர் மனைவி பெயர் செல்லம். நான் படிக்கப் படிக்க எஸ்தர் அடித்துக்கொண்டே வந்தாள். ‘செல்லம் ஜன்னலருகே நின்றாள். ஆகாரத்துக்குப் பின் இரண்டு வேளை.’ டைப் அடித்த கை நின்றுவிட்டது.

“ஐயா, டாக்டர் மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம்தானே நாவல் எழுதியிருக்காங்க? அந்தப் பக்கத்து மை ஊறி இந்தப் பக்கம் தெரியுது.”

“தெரிஞ்சா என்ன? ஒரு பொம்பளை ஆகாரத்துக்குப் பின் இரண்டு வேளை ஜன்னல்கிட்ட நிக்கக் கூடாதா?”

அதற்கும் ஒரு லேபிள் வைத்திருந்தாள். ‘சீட்டு’ என்று ஒட்டி ஒதுக்கிவிட்டாள்.

இன்னொரு நாள் கேட்டாள், “ரயில்வே ஸ்டேஷன்ல எதுக்கு ஐயா ஒரு கம்பவுண்டர் அடிக்கடி வாரார்? அதுவும் நல்ல உயரமா, நல்ல நெறமா?”

“ரயில்ல போறவனுக்கு வயிறு வலிக்காதா?” என்றேன். முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த டாக்டரம்மா, “உம்ம நெறம் எப்ப வே மாறுச்சு?” என்று கேட்டார்கள். பாருங்கள், கீரை உருவுகிறவர்களுக்கு நாவல் எப்படிப் புரியும்?

அதன் பிறகு எஸ்தர் ஒரு வேலை செய்தாள். தையில் என்னைப் படிக்கச் சொன்ன ஒரு பக்கத்தை மாசியில் திரும்ப நீட்டினாள். நானும் தெரியாமல் படித்துவிட்டேன். தையில் படித்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் குடையோடு நின்றாராம். மாசியில் நாயோடு நிற்கிறாராம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

“தைல நாய் வாசல்ல இருந்திருக்கும். இப்ப உள்ள வந்திருக்கு” என்றேன்.

“குடை எங்க ஐயா?”

“மாசில எதுக்குக் குடை?”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமலே நான் சொன்ன இடமெல்லாம் ‘குறைவு’, ‘குறைவு’ என்று ஒட்டிக்கொண்டே போனாள். என் ஆயுளில் என்மேல் யாரும் அப்படி ஒட்டியதில்லை தம்பி. “அப்ப அந்தக் காலத்துல சீட்டை எப்படி ஐயா படிச்சீங்க?” என்று கேட்டாள். முகம் பார்த்துத்தான் என்று உள்ளதைச் சொன்னேன். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே? அந்த ஜன்னலில் நின்ற முகங்களைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னேன். டைப் அடிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நப்பாசை. “எஸ்தரம்மா, இந்த மூணுல நான் அடங்க மாட்டேன். எனக்குன்னு ஒரு லேபிள் போடேன்” என்றேன்.

“அது முடியாது ஐயா. பட்டியலை மாத்தணும்னா புரொஃபசர்கிட்ட காரணம் எழுதிக் குடுத்து, அவர் ஒத்துக்கிட்டு, எல்லாப் பக்கத்தையும் மறுபடி ஓட்டிப் பாக்கணும். ஒருத்தருக்காக அதெல்லாம் செய்ய மாட்டாங்க.”

இருங்கள், மணி என்ன ஆகிறது? இன்னும் இருக்கிறதா? சரி, இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறேன்.

பங்குனியில் கடைசித் தாள் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ரிட்டையர் ஆகிற நாள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். செல்லம் இலை போடுகிறாள். பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடிக்கப் போகிற நேரம், அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். பார்த்து ஒன்று சொல்கிறார். அது என்ன என்பதுதான் இல்லை. அந்த இடத்தில் பெரிதாகச் சிவப்புக் கறை. அதற்கு அப்புறம் தாளும் இல்லை, நாவலும் இல்லை. அது சிவப்பு மிக்சர் கறை, எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. யாரோ பாட்டிலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். மருந்து அறையில் அப்போதெல்லாம் நான் ஒருத்தன்தான் இருப்பேன். அதனால் பூனையாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு டாக்டரம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு வந்துவிட்டார்கள். அத்தனை மாதத்தில் மேஜைக்கு வந்தது அன்றுதான். “கம்பவுண்டரே, கடைசில அந்த மனுஷன் அவகிட்ட என்னதான் சொல்லுதான்?” என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை.

நான் தாளைப் பார்த்தேன். அப்புறம் அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். தம்பி, எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். தினம் மத்தியானம் டாக்டர் ஆஸ்பத்திரி அறையிலிருந்து உள்ளே போவார், சாப்பிடுவார், திரும்ப வருவார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒரு சொல், நன்றாக இல்லை என்று ஒரு சொல், நான் கேட்டதில்லை. நோயாளியிடம் பேசுவார், என்னிடம் பேசுவார், காகிதத்திடம் பேசுவார். இப்போது அந்தம்மா ஜன்னலில் நிற்கிறார்கள். சீட்டு என் கையில். நீங்களாக இருந்தால் என்ன கொடுத்து அனுப்புவீர்கள்?

நான் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்வேன். ‘செல்லம், நீ பரிமாறிய ஒவ்வொரு வாய்ச் சோறும் என் ஆயுளில் ஒரு நாளைக் கூட்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.’

எஸ்தர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, கறைக்கு அடியில இருக்க இடத்துல ஏழெட்டு எழுத்துதான் பிடிக்கும். நீங்க ரெண்டு வரி சொல்லுதீங்க” என்றாள்.

“அதுதான் டாக்டர் கையெழுத்து. ஒரு வளைவுக்குள்ள மூணு மருந்து இருக்கும்.”

டாக்டரம்மா குனிந்து தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டார்கள். உள்ளே திரும்பி நின்றதில் தோள் குலுங்குவது எனக்கு மேஜையிலிருந்தே தெரிந்தது. எஸ்தர் பின்னாலேயே ஓடினாள். என்னமோ குசுகுசுவென்று பேச்சு. பிறகு அவள் தோளும் குலுங்கியது. ரெண்டு பெண்களையும் இப்படி அழ வைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாக்கியம் அப்படி.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்கள். ரெண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. டாக்டரம்மா கையில் ஒரு டம்ளர். “கம்பவுண்டரே, மோர் குடிக்கீரா?” என்றார்கள். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடிவிட்டாள். இளகின மனசு. நான் மோரைக் குடித்தேன். பெருங்காயம் தூக்கலாக, அருமையான மோர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. அந்தம்மா என் வாக்கியத்தை, டாக்டர் வாக்கியத்தை, நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு நல்ல வார்த்தை கிடைத்திருக்கிறது. அதன்மேல் போய் இந்தப் பெண் ‘குறைவு’ என்று ஒட்டினால் அந்தம்மா மனசு என்ன ஆகும்? எஸ்தரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “எனக்கு வேற எங்க வேணும்னாலும் குறைவு போடு. குடை, நாய், உயரமான கம்பவுண்டர், எல்லாத்தையும் எடுத்துக்கோ. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் உறுதின்னு போடு.” “பொய்யா உறுதி போட முடியாது ஐயா. பக்கம் திறக்கிற அன்னைக்குப் பாருங்க” என்றாள். இன்றைக்குத் திறக்கிறது. எனக்கு இன்றைக்குப் பார்த்து இங்கே கண்ணுக்குச் சொட்டு.

பதினொன்று ஆகிவிட்டதா? திறக்கிறதா? அப்படியே கீழே கொண்டு போங்கள். இன்னும் கீழே. கடைசித் தாள். ஒரு பக்கம் தாளின் படம் இருக்கும், பக்கத்தில் அச்செழுத்து இருக்கும். சிவப்புக் கறை தெரிகிறதா? அதுதான், பூனை தட்டிவிட்டது. அதற்கு நேராக அச்செழுத்தில் நிறம் மாறியிருக்கும், அதைத் தட்டுங்கள்.

என்ன, ரெண்டு இருக்கிறதா? மேலே ஒன்று, கீழே ஒன்றா? மேலே இருப்பதை முதலில் படியுங்கள்.

‘மோர் இருக்கா.’

அப்புறம்? அவ்வளவுதானா? ஸ்டேஷன் மாஸ்டர் ரிட்டையர் ஆகி வந்து, பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்து பார்த்து, மோர் இருக்கா என்றா கேட்கிறார்? யார் சொன்னது என்று போட்டிருக்கிறது?

‘கோமதி அம்மாள். நிச்சயம், உறுதி.’

உறுதியா. கீழே ஏதாவது குறிப்பு இருக்கிறதா பாருங்கள். மெதுவாகப் படியுங்கள் தம்பி, அந்தம்மா வாய் வார்த்தையை அப்படியே போட்டிருப்பாள் எஸ்தர்.

‘முந்தின வரியைப் படிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாப்பாடு நல்லா இருந்தா கடைசில மோர் இருக்கான்னு கேப்பாக. நல்லா இல்லன்னா தண்ணியக் குடிச்சிட்டு எந்திச்சிருவாக. வேற ஒண்ணும் சொன்னது கிடையாது. முக்காவாசி நாள் மோர் கேட்டுருக்காக.’

கொஞ்சம் இருங்கள்.

இன்னொரு தடவை படிக்கிறீர்களா? கடைசி வரி மட்டும்.

அப்படியானால் அன்றைக்கு எனக்கு மோர் கொடுத்தார்களே, அது... சரி, சரி. பங்குனி வெயில். யார் வந்தாலும் மோர் கொடுப்பார்கள்.

கீழே என்ன இருக்கிறது? என் வாக்கியமா? முழுசாக இருக்கிறதா, ஒரு நாளைக் கூட்டியிருக்கிறது வரைக்கும்? இத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் இருக்கிறதா? எடுக்கவில்லையே? யார் சொன்னது, சோலையப்பன். நல்லது. நிச்சயம் என்ன போட்டிருக்கிறது? தயங்காமல் சொல்லுங்கள், குறைவுதானே?

என்ன சொன்னீர்கள்?

‘முகம் பார்த்துச் சொன்னது.’

அது பட்டியலிலேயே கிடையாது தம்பி. மூன்றுதான் உண்டு. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். நிச்சயம் என்கிற இடத்தில்தான் போட்டிருக்கிறதா? பக்கம் சிவக்கவில்லையே? அப்படியானால் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பட்டியலையே மாற்றி, எல்லாப் பக்கத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறதா?

‘இது அவுக எழுதுனது இல்ல. இருந்தாலும் இருக்கட்டும். கம்பவுண்டர் கலந்து குடுத்தது. கோமதி அம்மாள்.’

பார்த்தீர்களா, என் மருந்து அந்தம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இந்தப் புது லேபிள் உறுதிக்கு மேலேயா, கீழேயா? போடவில்லையா? மூன்றிலும் அடங்காமல் தனியாக வைத்திருக்கிறாள் என்றால் மேலேதான் இருக்கும். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

என் பெயரைத்தானே கூப்பிடுகிறார்கள்? ஆமாம், கண் பரிசோதிக்கிற அந்தப் பெண்தான். காலையில் எழுத்துப் போர்டைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னாள். ரெண்டாவது தடவை வேறு மாதிரி படித்தேனாம். அதற்காகச் சொட்டு விட்டுவிட்டு மூன்றாவது தடவை கூப்பிடுகிறாள். போனைக் கொடுங்கள். அம்மா எழுந்ததும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடைசி வரி தெரியுமா என்றா கேட்கிறீர்கள்? போர்டு கிடக்கட்டும் தம்பி. அந்தப் பெண் முகம் இங்கிருந்தே எனக்கு நன்றாகத் தெரிகிறது.